புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு, ஆங்கில வழி. மாலையில் டியூஷன் முடிந்து ஏழரைக்கு வருவாள். எட்டு மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் பதினொன்று வரை படிப்பாள். காலை ஐந்துக்கு எழுந்து ஏழு வரை மறுபடியும் படிப்பு. நாங்கள் சொல்லித்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அரையாண்டில் தமிழ் 71, ஆங்கிலம் 64, கணிதம் 42, சமூக அறிவியல் 55, அறிவியல் எழுத்துத் தேர்வில் 75க்கு 36. “எல்லாம் படிச்சதுதாம்மா, பேப்பரைப் பார்த்தா மறந்துடுது” என்று அழுகிறாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. கணக்குக்குத் தனி டியூஷன் சேர்க்கலாமா? காலை நான்கு மணிக்கே எழுப்பலாமா? ஞாபகசக்திக்கு வல்லாரை மாத்திரை, டானிக் ஏதாவது கொடுக்கலாமா?
ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் மகள் வீட்டில் மட்டும் தினம் ஐந்து மணி நேரம் படிக்கிறாள். அது போதும், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகம். அந்த ஐந்து மணி நேரமும் புத்தகம் திறந்தே கிடக்கிறது என்பதுதான் என் சந்தேகம். தேர்வறையில் புத்தகம் இருக்காது. இல்லாதபோது நினைவிலிருந்து எடுத்து எழுதும் பழக்கம் அவளுக்கு வீட்டில் ஒரு நாளும் கிடைக்கவில்லை. நேராகப் பரீட்சையன்றுதான் முதல் ஒத்திகை நடக்கிறது.

டியூஷனா, அதிகாலையா என்று முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அரையாண்டு விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மகளோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். திட்டுவதற்கான உட்காரல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதில் ஒன்றில் எழுத வேண்டும். பாடமே புரியாமல் போனது முதல் கட்டம். படித்தும் நினைவுக்கு வராதது இரண்டாவது. தெரிந்தும் தவறாக எழுதியது மூன்றாவது: கூட்டல் பிழை, அலகு விட்டது, வினா எண் மாற்றிப் போட்டது இதெல்லாம். நேரமில்லாமல் தொடாமலே விட்டது நான்காவது.

கணிதத்தில் போன 58 மதிப்பெண் ஒரு பேச்சுக்கு 18, 20, 9, 11 என்று பிரிகிறது என்று வையுங்கள். புதிய டியூஷன் தீர்க்கக்கூடியது அந்த முதல் 18 மட்டும்தான். அதற்கும் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடம், “இந்த இரண்டு பாடம் புரியவில்லை” என்று குறிப்பாகப் போய்க் கேட்டாலே பாதி தீரும். மற்ற 40 மதிப்பெண்ணும் வீட்டில் படிக்கும் முறையை மாற்றினால் வரக்கூடியவை. இன்னொரு டியூஷனில் சேர்த்தால், தானாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க இருக்கும் நேரமும் போய்விடும். இப்போது போகும் டியூஷனில் வாரம் ஒரு தேர்வாவது வைத்துத் திருத்திய தாளைக் கையில் தருகிறார்களா என்று கேளுங்கள். தந்தால் அது போதும். வெறுமனே நடத்துவதும் நோட்ஸ் கொடுப்பதும்தான் நடக்கிறதென்றால், அதையே வாரம் மூன்று நாளாகக் குறைக்கலாம்.

இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் மையமே அதுதான். ஒரு பக்கத்தை நான்கு முறை வாசித்தால் நான்காம் முறை சரளமாகப் போகும். “இது தெரியும்” என்று மனசு சொல்லிவிடும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு. தெருவில் பார்த்தால் தெரிகிற முகத்துக்கு வீட்டுக்கு வந்து யோசித்தால் பெயர் வராதே, அந்தக் கதைதான்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, அடுத்த முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழாகிவிட்டது. திரும்ப வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. இரவு ஒப்பித்தபோது சரியாகச் சொன்ன பிள்ளை பரீட்சையில் ஏன் முழிக்கிறது என்பதற்கான விடை இந்த எண்களிலேயே இருக்கிறது.

செய்முறை இதுதான். ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று பக்கத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒரு முறை நிதானமாக வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூடி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மடியில் இருந்தால் கை தானாகப் போகும். பழைய நோட்டின் வெற்றுப் பக்கத்தில் நினைவில் வந்ததை எழுத வேண்டும். முழு வாக்கியம் தேவையில்லை. தலைப்பு, முக்கியச் சொல், படம், சூத்திரம் போதும். வரவில்லையென்றால் இரண்டு நிமிடமாவது யோசிக்க வேண்டும். அந்த முழிப்புதான் உரம், அதைத் தாண்ட விடாதீர்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்த நிறத்தில் இருப்பதைத்தான்.

அதே பகுதியை மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் மறுபடி மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் தேதி போடச் சொல்லுங்கள். நான்கு தேதி விழுந்த பக்கம் பெரும்பாலும் மறக்காது. தேதியே இல்லாத பக்கம் எது என்று உங்களுக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதில் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்றால், தெரிந்த கேள்விகளையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பார்கள், சுகமாக இருக்கும். சிலர் புத்தகத்தைப் பார்த்துப் பத்து முறை எழுதுவார்கள். அதில் கை உழைக்கும், தலை சும்மா இருக்கும். பல வண்ணப் பேனாவில் கோடு போடுவதும் அப்படித்தான், பக்கம் அழகாகும், அவ்வளவே. இன்னொன்று: முதல் வாரம் இந்த முறை தோல்வி போலத்தான் தெரியும். பத்து வரி படித்துவிட்டு நான்கு வரிதான் எழுத வரும்போது, “பழைய மாதிரியே படிக்கிறேன்” என்பாள். அப்போது விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொரு சிக்கல் உண்டு. பொருள் புரியாமலே ஆங்கில வாக்கியத்தை அப்படியே உருப்போடுவார்கள். நடுவில் ஒரு சொல் நழுவினால் சங்கிலி அறுந்து, அந்தப் பதிலே போய்விடும். “எல்லாம் மறந்துடுது” என்று உங்கள் மகள் சொல்வது இதுவாகவும் இருக்கலாம். ஒரு சின்னச் சோதனை வையுங்கள். ஏதாவது ஒரு அறிவியல் விடையைத் தமிழில், உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். திணறினால் அவள் படித்தது ஒலியை மட்டும். முதலில் தமிழில் சொல்லிப் புரிந்துகொண்டு, அதன் ஐந்தாறு கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையில்லாமல் பழகி, பிறகு சொந்தமாகச் சிறுசிறு ஆங்கில வாக்கியங்களில் எழுதட்டும். கைடில் இருக்கும் நீண்ட வாக்கியம் தேவையே இல்லை.

கணக்குக்கு “மூடி வைப்பது” கொஞ்சம் வேறு விதம். தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்து “புரிஞ்சுது” என்பதில் அர்த்தமில்லை. எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையை ஒரு தாளால் மறைத்துத் தானே போட வேண்டும். சிக்கினால் மறைத்த தாளை ஒரு வரி மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மறைத்துத் தொடர வேண்டும். மறுநாள் அதே கணக்கு, இந்த முறை ஒரு வரியும் பார்க்காமல். கூடவே, ஒரே பயிற்சியில் இருக்கும் பத்துக் கணக்கையும் வரிசையாகப் போடுவதைக் குறைக்கட்டும். அளவியல் பாடத்தில் இருக்கும்போது எல்லாமே அளவியல்தான் என்று தெரியும், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் அந்தக் குறிப்பு கிடைக்காது. தினம் நான்கு கணக்கு, நான்கு வெவ்வேறு பாடத்திலிருந்து என்று எடுத்தால், “இது எந்த வகை” என்று கண்டுபிடிக்கும் பழக்கமும் சேர்ந்து வரும். கூம்பில் உயரத்தையும் சாயுயரத்தையும் குழப்புவது, மூடியில்லாத பாத்திரத்துக்கு மேல்வட்டத்தின் பரப்பையும் சேர்த்துக் கூட்டுவது போன்ற பிழைகள் இப்படிக் கலந்து போடும்போதுதான் வெளியே வரும்.

42 வாங்கும் பிள்ளை முதலில் பிடிக்க வேண்டியது வடிவியல் வரைதலும் வரைபடமும்தான். இப்போதுள்ள வினாத்தாள் அமைப்பில் இரண்டும் எட்டு எட்டு, மொத்தம் 16 மதிப்பெண். இரண்டிலும் ‘அல்லது’ உண்டு, வகைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு நாள் வடிவியல், மறுநாள் வரைபடம் என்று மாற்றி மாற்றி, ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் கடிகாரம் வைத்துப் போட்டால் பத்து வாரத்தில் ஒவ்வொன்றும் முப்பதுக்கு மேல் வந்துவிடும். பிழை எங்கே வருமென்றும் தெரிந்ததுதான். வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பது, அச்சுகளுக்குப் பெயர் போடாதது, புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்துப் பரவளையத்தை உடைந்த கோடாக்குவது. வடிவொத்த முக்கோணம் வரையும்போது விகிதம் 7/3 என்றால் கதிரில் ஏழு புள்ளி வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் படமே வராது. உதவிப்படம் போடாமல் நேராக வரைய ஆரம்பிப்பதும் பலரை மாட்டிவிடும்.

அறிவியலில் படங்கள். இதயத்தின் உட்புறத் தோற்றத்தைப் பார்த்து வரைந்தால் எல்லோருக்கும் அழகாக வரும். பார்க்காமல் வரையச் சொன்னால் ஈரிதழ் வால்வும் மூவிதழ் வால்வும் இடம் மாறிவிடும். படத்தில் நம் வலப்பக்கம் இருப்பது இதயத்தின் இடப்பக்கம் என்பதை உருப்போட்ட பிள்ளை கவனித்திருக்காது. படத்தின் ஓரத்தில் முதலிலேயே இடது, வலது என்று குறித்துக்கொண்டு பாகம் குறிக்கப் பழகினால் இது போகும். இயற்பியல் கணக்குகளில் கொடுக்கப்பட்டவை, சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று நான்கு வரியாக எழுதட்டும். விடை தவறினாலும் படிநிலைக்கு மதிப்பெண் கிடைக்கும். ஒரே வரியில் தப்பான விடையை மட்டும் எழுதினால் ஒன்றும் கிடைக்காது. செய்முறைத் தேர்வின் 25 மதிப்பெண்ணை அலட்சியம் செய்ய வேண்டாம். தேர்ச்சிக்குச் செய்முறையில் 15, எழுத்தில் 20 என்று தனித்தனியாகவே வேண்டும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விடுபட்டிருந்தால் ஜனவரியிலேயே வாங்கி முடித்துவிடுங்கள்.

சமூக அறிவியலில் ஆண்டுகள் நிற்பதில்லை என்றால் தனித்தனியாகப் படிப்பதுதான் காரணம். 1919இல் ரௌலட் சட்டம், அதை எதிர்த்த கொந்தளிப்பில் அதே ஆண்டு ஜாலியன் வாலாபாக், அதன் தொடர்ச்சியாக 1920இல் ஒத்துழையாமை, 1922இல் சௌரி சௌரா நடந்ததும் காந்தி இயக்கத்தை நிறுத்திக்கொண்டது. இப்படிக் காரணத்தில் கோத்தால் நான்கு நிகழ்வும் ஆண்டோடு ஒரே கதையாக உட்காரும். வெற்று நிலவரைபடத் தாள் (மேப்) பத்து வாங்கிக் கொடுங்கள். வாரத்துக்கு ஒன்று, பார்க்காமல் குறிக்கட்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இப்போதைக்குப் பெரிய மாற்றம் தேவையில்லை; மனப்பாடப் பகுதியையும் இலக்கணத்தையும் வாரம் இரண்டு முறை எழுதிப் பார்த்தால் போதும்.

அதிகாலை விஷயம். பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது நினைவில் பதியும் வேலையில் தூக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அதனால் நான்கு மணி வேண்டாம், ஐந்தும் வேண்டாம். பத்து மணிக்குப் படுக்கை, ஆறுக்கு எழுப்புங்கள்.

எட்டு மணிக்கு உட்கார்ந்தால் முதல் நாற்பது நிமிடம் கணக்கு. பத்து நிமிடம் எழுந்து நடக்கட்டும், போனைத் தொடாமல். அடுத்த நாற்பது நிமிடம் அறிவியலோ சமூக அறிவியலோ புதிய இரண்டு பக்கம். கடைசிக் கால் மணி, ஓரத்துத் தேதிகளின்படி இன்று திரும்ப வர வேண்டிய பழைய பகுதி. காலையில் ஆறேகாலிலிருந்து ஏழு வரை, நேற்றிரவு படித்ததை எழுதிப் பார்ப்பதும் ஒரு மதிப்பெண் வினாக்களும். மொத்தம் இரண்டரை மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் பாதிதான், பயப்பட வேண்டாம். சனி, ஞாயிறில் ஒரு வேளை முழுதாக ஒரு வினாத்தாள், ஒரு வேளை பின்தங்கிய பாடம், மீதி ஓய்வு. டியூஷன் குழுவில் நோட்ஸ் வருகிறது என்று போனைப் பக்கத்தில் வைத்திருந்தால், எட்டு மணிக்கு முன்பே நீங்கள் பார்த்து வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பிறகு அது வேறு அறையில் இருக்கட்டும்.

உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களை நீங்கள் கேளுங்கள், பதிலைப் புத்தகத்தில் பார்த்துச் சரிபாருங்கள். வரிக்கு வரி அப்படியே வர வேண்டும் என்று எதிர்பார்க்காமல், முக்கியச் சொற்கள் வருகின்றனவா என்று மட்டும் கவனித்தால் போதும். அடுப்படியில் நின்றுகொண்டே பத்து நிமிடத்தில் முடியும் வேலை.

நான்காவது கட்டம், நேரம். பொதுத்தேர்வில் பத்து மணிக்கு வினாத்தாள், பத்து நிமிடம் வாசிக்க, ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத்து. அந்த முதல் பத்து நிமிடத்தைப் பல பிள்ளைகள் சும்மா புரட்டிக் கழிக்கிறார்கள். கணிதத்தில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் 14க்கு 10 எழுத வேண்டும். 28ஆம், 42ஆம் வினாக்கள் கட்டாயம். எந்தப் பத்து என்று அந்தப் பத்து நிமிடத்திலேயே மனசுக்குள் தேர்ந்துகொள்ளலாம். எழுதத் தொடங்கியதும் ஒரு மதிப்பெண் பதினான்குக்கும் 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, வரைதல் இரண்டுக்கும் 30, சரிபார்க்க 15. ஒரு கணக்கு எட்டு நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இந்தக் கணக்கைப் பேச்சில் சொன்னால் பலிக்காது. ஞாயிறு காலை வீட்டில் பத்து மணிக்கே உட்கார்ந்து, முழு மூன்று மணி நேரமும் எழுதினால்தான் கை பழகும்.

மூன்றாவது கட்டத்தில் போன மதிப்பெண்ணுக்கு வினாத்தாளின் குறிப்பை வாசிப்பதே பாதி மருந்து. ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கும். வெறும் ‘ஆ’ என்று போட்டுவிட்டு நகரக் கூடாது. எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கறுப்பு மை மட்டும், படத்துக்குப் பென்சில். வீட்டுத் தேர்விலும் இதையே கடைப்பிடிக்கட்டும்.

வல்லாரைக் கீரையைத் துவையலாக அரைத்துப் போடுங்கள், நல்லதுதான். மதிப்பெண்ணுக்காக மாத்திரை, டானிக் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஆனால் எப்போதும் சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் இருந்தால் ஒரு முறை ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை சகஜம், அது கவனத்தைக் குறைக்கலாம். மாதவிடாய் நாட்களில் படிப்பை இலேசாக்கி, ஒரு மதிப்பெண் வினாக்களோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அழுகை, தூக்கமின்மை, சாப்பாடு இறங்காதது இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் படிப்பை ஓரம் வைத்துவிட்டு யாரிடமாவது பேச வையுங்கள். வகுப்பாசிரியரிடம் தொடங்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனாலும் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதையும் அவள் காதில் போட்டு வையுங்கள். இப்போது வாங்குகிற மதிப்பெண்ணிலேயே அவள் தேர்ச்சிதான். சித்தி மகன் எவ்வளவு வாங்கினான் என்ற பேச்சு மட்டும் மார்ச் முடியும் வரை வீட்டில் வேண்டாம்.

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே அறிவியலில் இரண்டு பக்கம், ஒரு பழைய நோட்டு, இரண்டு நிறப் பேனா.